பத்திரத்தில் ஒரு லொறி, பாதையில் ஒரு லொறி

சுபஹுக்கு முன்னரே அந்தப் பட்டா லொறி கல்முனைக்குடிக் கடற்கரைக்கு வந்துவிடும். கரைவலை இழுத்து முடிகிற நேரத்தில் பின்கதவு திறந்திருக்கும், ஐஸ் பெட்டிகள் அடுக்கியிருக்கும். மீனை ஏற்றிக்கொண்டு காரைதீவுச் சந்தியால் திரும்பி, சம்மாந்துறை கடந்து அம்பாறைச் சந்தைக்குப் போகும். ஒன்பது மணிக்குத் திரும்பி வந்து, கழுவிய ஈரம் காய்வதற்குள் ஹார்ட்வெயார் கடை ஒன்றின் சீமெந்து மூட்டைகளை ஏற்றும். அந்த ஓட்டத்துக்குக் கூலி உண்டு. பின்னேரம் உரிமையாளரின் மச்சான் மகன் அதை எடுத்துப்போய் வீடு மாறுகிற யாருக்காவது கட்டில், அலுமாரி ஏற்றிக் கொடுப்பான். பெரும்போக அறுவடைக் காலத்தில் வயலிலிருந்து நெல் மூட்டைகள். கடற்கரைப் பள்ளிக் கொடியேற்ற நாட்களிலும் கலியாண நாட்களிலும் பின்பெட்டியில் பிள்ளைகளும் பெண்களும்.

இந்த லொறியின் காப்புறுதிச் சான்றிதழை நான் கையில் வைத்துப் படித்திருக்கிறேன். உள்ளங்கை இரண்டை விரித்தால் மறைந்துவிடுகிற கடதாசி. பதிவு இலக்கம், செசி இலக்கம், உரிமையாளர் பெயர், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை என்ற வரி. அதற்குக் கீழே, மற்றவற்றைவிடச் சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வாசகம். தமிழில் சொன்னால்: காப்புறுதி பெற்றவரின் சொந்த வியாபாரப் பொருட்களை ஏற்றுவதற்கு மட்டும், கூலிக்கு ஏற்றுவது இதில் அடங்காது.

காலை ஆறு மணி லொறிக்கு அந்தக் கடதாசி பொருந்துகிறது. பத்து மணி லொறிக்குப் பொருந்தவில்லை. வாகனம் ஒன்றுதான், சாரதியும் பெரும்பாலும் ஒருவர்தான். காப்புறுதியின் கண்ணுக்கு மாத்திரம் அவை இரண்டு வேறு லொறிகள்.

வர்த்தக வாகனக் காப்புறுதியைப் பற்றி எங்கள் ஊரில் பேச்செடுத்தால் இரண்டு சொற்கள்தான் வரும்: ‘தேர்ட் பார்ட்டி’, ‘ஃபுல் இன்சூரன்ஸ்’. முதலாவது, பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் எடுக்கக் காட்ட வேண்டிய கடதாசி. இரண்டாவது, லீசிங் கம்பனி கட்டாயப்படுத்துவதால் போடுவது. ‘ஃபுல்’ என்ற சொல்லில் எல்லாம் அடங்கிவிட்டது என்றுதான் காசு கட்டுகிறவர்கள் நம்புகிறார்கள். பல ஆண்டுகளாக நானும் அப்படித்தான் நம்பினேன். அந்தச் சொல் எங்கள் வியாபாரிகளுக்குச் செய்த கெடுதி பெரிது. முழுக் காப்புறுதி என்பது வாகனத்தின் சேதத்தையும் சேர்த்துக்கொள்கிற காப்புறுதி, அவ்வளவுதான். எந்தப் பாவனையில், எவர் கையில், எந்தப் பெறுமதிக்கு, யார் யாருக்காக என்ற கேள்விகள் ஒன்றுகூட அந்தச் சொல்லால் தீர்வதில்லை.

இதை நான் அறிந்தது புத்தகத்திலிருந்து இல்லை. சில வருடங்களுக்கு முன் என் மச்சான் ஒருவரின் லொறி, அடுத்த கடைக்காரரின் ஓட்டுக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு போகையில் மழையில் சறுக்கி ஒரு மதிலை இடித்துச் சாய்ந்தது. அல்ஹம்துலில்லாஹ், ஆளுக்கு ஒன்றும் இல்லை. நிறுவனத்தின் ஆள் மோட்டார் சைக்கிளில் வந்து நான்கு பக்கமும் படம் எடுத்தார். ஏற்றியிருந்த சாமான் யாருடையது என்று கேட்டார். மச்சான் உள்ளதைச் சொன்னார். “கூலி எவ்வளவு காக்கா?” என்று அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், மச்சானும் சாதாரணமாகவே தொகையைச் சொன்னார். மூன்று வாரம் கழித்து வந்த கடிதத்தில், பத்திரத்தின் பாவனை வரையறைக்கு வெளியே வாகனம் ஓடியதால் சேதக் கோரிக்கை ஏற்கப்படவில்லை என்றிருந்தது. எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இரவு மேசையில் பத்திரத்தை விரித்துவைத்து, அகராதியும் கையுமாக வரி வரியாகப் படித்தேன். நிறுவனம் சொன்ன வரி அதில் இருந்தது. முன்மொழிவுப் படிவத்தில் மச்சானின் கையெழுத்தும் இருந்தது. அந்தப் படிவத்தை நிரப்பிய எழுத்து மாத்திரம் முகவருடையது.

ஆறுதலாக யோசித்தால் இந்த வரையறைக்கு ஒரு நியாயம் உண்டு. சொந்தச் சாமான் ஏற்றும் லொறி நாளுக்கு ஒரு தடவையோ இரண்டு தடவையோ ஓடும். கூலி லொறி ஓடிக்கொண்டேயிருக்கும். தெரியாத பாதையில், தெரியாத பாரத்தோடு, அடுத்த ஓட்டத்தைப் பிடிக்கிற அவசரத்தோடு ஓடும். ஆபத்து கூடியதற்குக் கட்டுப்பணமும் கூட வேண்டும். கூலிக்கு ஓட்டும் பாவனையை எழுதிக் கேட்டால் நிறுவனங்கள் தருகின்றன. வருடத்துக்குச் சற்றுக் கூடுதலாகக் கட்ட வேண்டும். மச்சானிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் அவர் கட்டியிருப்பார். கேட்கப்படவில்லை என்பதுதான் என் முறைப்பாடு.

நாட்டின் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது? 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம், காப்புறுதி இல்லாமல் எந்த மோட்டார் வாகனத்தையும் பாதையில் ஓட்டக் கூடாது என்கிறது. பிரித்தானியா 1930இல் செய்துகொண்ட ஏற்பாட்டின் வழியில் வந்தது அது. அதன் நோக்கத்தில் லொறிக்காரருக்கு இடமில்லை. பாதை ஓரத்தில் சைக்கிளில் போகிறவர், பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளை, இவர்கள்தான் அதன் கவலை. ஆண்டுதோறும் 2,000க்கு மேற்பட்டோர் வீதியில் சாகிற நாடு இது. இடித்தவரிடம் காசு இல்லை என்பதற்காக இடிபட்டவரின் குடும்பம் தெருவில் நிற்கக் கூடாது என்பதற்கே அந்தக் கட்டாயம். ஆகவே அது முதலில் உயிரையும் உடலையும் பார்க்கிறது. இடிபட்ட மதிலுக்கும் கடைக்கும் உரிய தொகை, பத்திரத்தில் எழுதியிருக்கும் எல்லைவரைதான். சொந்த லொறியின் நெளிவுக்குத் தேர்ட் பார்ட்டியில் ஒரு சதமும் இல்லை. நிபந்தனை மீறல் எல்லாவற்றையும் காட்டி அந்த மூன்றாம் ஆளைக் கைவிடுவதற்குச் சட்டம் நிறுவனத்தை விடுவதில்லை. ஆனால் மீறியவருக்கு அதில் நிம்மதி கிடையாது. கொடுத்த பணத்தை நிறுவனம் பிறகு அவரிடம் கேட்க வழியுண்டு.

சாரதி செய்த பிழைக்கு முதலாளி எப்படிப் பொறுப்பு என்று எங்கள் கடைக்காரர்கள் கேட்பார்கள். “நான் கடையில இருந்தன், லொறி ஓடினது அவன்.” வேலையின் போக்கில் வேலையாள் செய்த தவறுக்கு எஜமான் பதில் சொல்ல வேண்டும் என்பது இந்த நாட்டு நீதிமன்றங்களில் நிலைபெற்ற விதி. சாமான் கொடுத்துவிட்டு வா என்று அனுப்பிய கணத்திலிருந்து அந்தச் சாரதியின் கால் மிதிப்பது முதலாளியின் பிரேக்கைத்தான். வர்த்தக வாகனக் காப்புறுதி தனியார் கார்க் காப்புறுதியிலிருந்து பிரிவதற்கு அடிக் காரணம் இதுவே: ஓடுகிறவர் ஒருவர், பொறுப்பாளி இன்னொருவர், ஏற்றியிருப்பது மூன்றாமவரின் சொத்து.

அந்த மூன்றாமவரின் சொத்தைப் பற்றி ஒரு சொல். லொறியின் பத்திரம் லொறிக்கானது. உள்ளே இருக்கிற சீமெந்தும் மீனும் சேலைக் கட்டும் அதில் சேராது. அவற்றுக்குப் பயணச் சரக்குக் காப்புறுதி என்று வேறொன்று எடுக்க வேண்டும். கொழும்பிலிருந்து ஏ-4 பாதையால், மொனராகலை, சியம்பலாண்டுவை வழியாக இரவிரவாகத் துணி ஏற்றிவரும் லொறிகளில் எத்தனைக்கு அது இருக்கிறது என்று எங்கள் பசாரில் விசாரித்தேன். பலருக்கு அப்படி ஒன்று இருப்பதே புதிய செய்தியாக இருந்தது.

இனி ஏற்றி இறக்கும் ஆட்கள். லொறியில் சாரதிக்குப் பக்கத்தில் ஒருவர், பின்னால் மூட்டைகளுக்கு மேல் இருவர். இவர்களை மூன்றாம் தரப்பு என்று முதலாளி நினைக்கிறார். முதலாளியிடம் வேலை செய்கிறவர், வேலையின்போது காயப்பட்டால், கட்டாய மூன்றாந்தரப்புக் காப்புறுதியின் பொருளில் அவர் மூன்றாமவரே இல்லை. அவருக்கு உரியது 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். 2022இல் வந்த திருத்தம், வீட்டிலிருந்து வேலைக்கு வருகிற வழியிலும் திரும்பிப் போகிற வழியிலும் நேரும் விபத்தையும் அதற்குள் கொண்டுவந்தது. கடமை முதலாளியின் தலையில் இருக்கிறது. பணம் எங்கிருந்து வரும் என்பது அவர் செய்துவைத்த ஏற்பாட்டைப் பொறுத்தது. மோட்டார்ப் பத்திரத்தோடு வேலையாட்களுக்கான காப்பைச் சிறிய தொகைக்குச் சேர்த்துக்கொள்ளலாம். நாட்கூலிக்கு ஏறுகிறவருக்கு நியமனக் கடிதம் கிடையாது, பெயர்ப்பதிவு கிடையாது. ஒரு நாள் லொறி சரிந்தால், அவர் அன்று வேலையில் இருந்தார் என்பதற்குச் சாட்சி அவருடைய காயந்தான். இந்தக் கட்டுரையில் நான் எழுதுவது எல்லாவற்றிலும் எனக்கு அதிக வேதனை தருவது இந்த இடம். லொறியின் முன் கண்ணாடிக்குக் காப்பு வாங்குகிற நாம், மூட்டைமேல் இருக்கிற மனிதனை மறந்துவிடுகிறோம்.

சாமான் வாகனத்தில் மனிதரை ஏற்றுவது அதைவிடச் சிக்கல். இந்தியாவின் உச்ச நீதிமன்றம் ஆஷா ராணி வழக்கில் 2002 டிசம்பரில் இதைத் தீர்க்கமாகச் சொன்னது: சரக்கு வாகனத்தில் காசு கொடுக்காமல் ஏறிப் போகிறவர் இறந்தால், கட்டாயக் காப்புறுதியின் கீழ் நிறுவனம் பொறுப்பாகாது, இழப்பீடு உரிமையாளரின் பாடு. தமிழ்நாட்டுக் கிராமங்களில் டிராக்டர் ஏறிக் கலியாணத்துக்கும் கோயிலுக்கும் போனவர்களின் குடும்பங்கள் தீர்ப்பாயங்களில் ஏறி இறங்கியதற்குப் பின்னால் இந்தக் கேள்வி இருந்தது. அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் நமது சட்டமும் அவர்களது சட்டமும் ஒரே பிரித்தானிய வேரிலிருந்து கிளைத்தவை. பயணிக்கென்று கட்டுப்பணம் வாங்காத பத்திரத்தில் பயணியைத் தேடினால் கிடைக்கமாட்டார்.

இதை எழுதும்போது 2024 நவம்பர் 26ஐ நினைக்காமல் இருக்க முடியவில்லை. காரைதீவு, மாவடிப்பள்ளிப் பாதையில் வெள்ளம் குறுக்கறுத்து ஓடிக்கொண்டிருந்தது. விடுமுறையில் வீட்டுக்குப் புறப்பட்ட மத்ரஸா மாணவர்கள் ஏறிய உழவு இயந்திரத்தை அந்த வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. பிள்ளைகளின் ஜனாஸாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்த அந்த நாட்களைக் கரையோரத்து ஊர் எதுவும் மறக்காது. அன்றைய பொறுப்பு யாருடையது என்று சொல்லும் இடம் இந்தக் கட்டுரை இல்லை. வேறு எந்த வாகனமும் போக முடியாத தண்ணீரில் உழவு இயந்திரத்தைத்தான் எங்கள் ஊர்கள் நம்பி ஏறுகின்றன. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்துபோன பின் காயப்பட்டவரை ஏற்றியதும் கையில் கிடைத்த வாகனந்தான். அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000க்கு மேற்பட்டோரை இழந்த நாள் அது. அனர்த்தம் வருடந்தோறும் வருகிற கரையில், உழவு இயந்திரம் ஆளேற்றும் என்பது திடீர்ச் செய்தியா? காப்புறுதிப் பத்திரத்தில் மாத்திரம் அது இன்னும் வயலுக்குள்ளேயே நிற்கிறது. வெள்ளம், புயல் போன்ற இயற்கை அனர்த்தமும் பல பத்திரங்களில் தனியாகச் சேர்க்க வேண்டிய பிரிவாகவே இருக்கிறது. கட்டுப்பணத்தைக் குறைத்துத் தரச் சொன்னால் முகவர் முதலில் வெட்டுவது அதைத்தான்.

வெட்டப்படுகிற இன்னொரு பிரிவு வேலைநிறுத்தம், கலகம், உள்நாட்டுக் குழப்பம், பயங்கரவாதம் பற்றியது. எண்பதுகளின் வன்முறைக்குப் பிறகு அரசு இதற்கென்று ஒரு நிதியம் அமைத்தது. 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசியக் காப்புறுதி நம்பிக்கை நிதியம் இப்போது அதை நடத்துகிறது. எந்த நிறுவனத்திடம் பத்திரம் எடுத்தாலும் இந்தப் பகுதிக் கட்டுப்பணம் அந்த நிதியத்துக்குப் போகிறது. 2018 பெப்ரவரியில் அம்பாறை நகரில் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டபோது வாகனங்களும் சேதமாயின. அடுத்த வாரமே திகன. அடுத்த வருடம் குருநாகலும் மினுவாங்கொடையும். கலகக்காரன் எரித்த லொறிக்குச் சாதாரண ‘ஃபுல்’ பத்திரம் பதில் சொல்லாது, அந்தப் பிரிவு சேர்ந்திருந்தால் ஒழிய. முஸ்லிம் வியாபாரியின் பெயர் எழுதிய லொறி தென்பகுதிக்கும் மலையகத்துக்கும் ஓடுகிற நாட்டில், அந்தப் பிரிவை மிச்சம் பிடிக்கும் இடமாக நினைக்க என்னால் முடியவில்லை.

பெறுமதிக்கு வருவோம். 2020 மார்ச்சில் அரசு வாகன இறக்குமதியை நிறுத்தியது. 2022இல் டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்த நாணயம் சில வாரங்களில் 360ஐத் தொட்டது. புதிய வாகனம் வராத சந்தையில் பழைய லொறியின் விலை ஏறிக்கொண்டே போனது. இறக்குமதிக் கதவு திரும்பத் திறக்க 2025 ஆகிவிட்டது. இந்த ஐந்து வருடமும் பலர் பத்திரத்தைப் பழைய தொகைக்கே புதுப்பித்து வந்தார்கள், கட்டுப்பணம் கூடுமென்று. அதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. லொறியின் சந்தைப் பெறுமதி 60 லட்சம், காப்புறுதி செய்த தொகை 40 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். விபத்தில் 9 லட்சம் சேதம். 40 லட்சத்துக்குள்தானே சேதம், முழுதும் கிடைக்கும் என்று உரிமையாளர் நினைப்பார். சராசரி விதி எழுதியிருக்கும் பத்திரத்தில் அவர் பெறுமதியின் மூன்றில் இரண்டு பங்குக்கே காப்புச் செய்தவர். மீதி ஒரு பங்கை அவரே சுமக்கிறார். 6 லட்சம் கிடைக்கும். அதிலும் எக்செஸ் என்று உரிமையாளர் முதலில் ஏற்க வேண்டிய தொகையும், பழைய பாகத்துக்குப் புதிய பாகம் போடுவதற்கான தேய்மானமும் கழியும். லொறி முற்றாக அழிந்தால் காசு முதலில் போவது லீசிங் கம்பனிக்கு. பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளர் அதுதான். லீசிங் பாக்கி தீர்ந்து கையில் என்ன மிஞ்சும் என்பதைப் புதுப்பிக்கும் நாளிலேயே ஒரு துண்டுக் கடதாசியில் போட்டுப் பார்க்கலாம். ஐந்து நிமிட வேலை.

பெயர்தான் எங்கள் ஊரில் மிகப் பெரிய சிக்கல். வாகனம் வாங்குகிறவர் விற்றவரின் கையெழுத்திட்ட மாற்றப் படிவங்களை மேசைக்குள் வைத்துக்கொண்டு, பதிவை மாற்றாமலே ஓட்டுவார். ‘ஓபன் பேப்பர்’ என்று நாடு முழுக்க இதற்குப் பெயர். வாகனம் இப்படி மூன்று கை மாறியிருக்கும். பதிவில் இருக்கிறவர் கத்தாரில் இருப்பார். கடை வாப்பாவின் பெயரில், லொறி மூத்த மருமகனின் பெயரில், காப்புறுதி அதை ஓட்டிக்கொண்டு போனவரின் பெயரில். குடும்பத்துக்குள் இது ஒரு பொருட்டே இல்லை. உம்மாவுக்குத் தெரியும் எது யாருடையதென்று. காப்புறுதிச் சட்டத்துக்கு உம்மாவைத் தெரியாது. எந்தப் பொருள் அழிந்தால் உமக்கு நட்டமோ அதற்குத்தான் நீர் காப்புறுதி செய்யலாம் என்பது அதன் முதல் விதி, அந்த நட்டத்தை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். வியாபாரத்தைக் கூட்டாக நடத்துகிறவர்கள் வாகனத்தையும் அந்த வியாபாரப் பெயரில் பதிந்து, பத்திரத்தையும் அதே பெயரில் எடுப்பது இந்தப் பிணக்கில் பாதியைத் தீர்த்துவிடும்.

சங்கங்களும் பள்ளிவாசல்களும் இதில் தப்பவில்லை. ஜனாஸா வேன் இப்போது பல ஊர்களில் உண்டு. யாரோ ஒரு தனவந்தர் வாங்கிக் கொடுப்பார். பதிவு அவர் பெயரிலோ அப்போதைய தலைவர் பெயரிலோ இருக்கும். 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்க வக்பு சட்டத்தின் கீழ் நம்பிக்கையாளர்கள் மாறிக்கொண்டிருப்பார்கள். வேனின் பெயர் மாறாது. அந்தத் தலைவர் மௌத்தாகிவிட்டால் வேன் அவருடைய வாரிசுகளின் சொத்தா, பள்ளியின் சொத்தா? பத்திரம் யாரைக் காக்கிறது? மையித்து வீட்டில் அழுகுரல் கேட்கிற நேரத்தில் திறப்பை வாங்கிக்கொண்டு ஓடுகிற இளைஞன் கூலி வாங்குவதில்லை. சவாபுக்காக ஓடுகிறான். அவன் கையில் ஒரு விபத்து நடந்தால் அவனுடைய நிலை என்ன என்று நிர்வாகம் யோசிக்கக் கடமைப்பட்டிருக்கிறது.

இஸ்லாமியக் காப்புறுதி முறையான தகாஃபுல் இந்தக் கேள்விகளுக்கு விடையா என்று பலர் கேட்கிறார்கள். நிச்சயமின்மையைக் காரணம் காட்டி, 1985இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகடமி வர்த்தகக் காப்புறுதியை மறுத்து, பரஸ்பர உதவியின் அடிப்படையிலான காப்புறுதியை ஏற்றது. சூடானில் 1979இலேயே அத்தகைய நிறுவனம் தொடங்கிவிட்டது. மலேசியா 1984இல் அதற்கென்று சட்டம் இயற்றியது. இலங்கைக்கு 1999இல் அமானா தகாஃபுல் வழியாக வந்தது. பின்னர் வேறு சில நிறுவனங்களும் தகாஃபுல் பிரிவுகளைத் திறந்தன. தனிச் சட்டம் எதுவும் இங்கே இல்லை. 2000ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், மற்ற நிறுவனங்களைப் போலவே, காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் கண்காணிப்பில்தான் அவையும் இயங்குகின்றன. தகாஃபுலில் நீங்கள் கொடுப்பது தபர்ரு, அதாவது உறுப்பினர் நிதிக்கான நன்கொடை. நிறுவனம் அதை நடத்துகிற வக்கீல், அதாவது பிரதிநிதி; அதற்குக் கூலி எடுத்துக்கொள்ளும். வருட முடிவில் மிச்சமிருந்தால் உறுப்பினர்களுக்குப் பங்கு உண்டு. மார்க்க மனச்சாட்சிக்கு இது பெரிய ஆறுதல், அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் பாவனை வரையறை அங்கேயும் இருக்கிறது. சாரதியின் அனுமதிப்பத்திர வகுப்பு அங்கேயும் பார்க்கப்படும். சராசரி விதி அங்கேயும் கணக்குப் போடும். “நம்மட ஆக்கள்தானே, பாத்துக் குடுப்பாங்க” என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அந்த நிதியில் இருப்பது நெசவுக்காரரும் மீன்காரரும் போட்ட காசு; எழுதாத ஆபத்துக்கு அதை எடுத்துக் கொடுக்க நடத்துநருக்கு அதிகாரம் ஏது? இரக்கம் காட்டினால் அது பிறருடைய அமானத்திலிருந்து காட்டுகிற இரக்கமாகிவிடும்.

இவ்வளவும் சொன்னபின் நிறுவனங்களின் பக்கம் திரும்பாவிட்டால் நான் நீதி செய்தவனாகமாட்டேன். காப்புறுதிச் சட்டத்தின் மூலவேர்களில் ஒன்று நமது கடலின் மறுகரையிலிருந்து வந்தது. சுமாத்திராவின் பென்கூலனில் இருந்த மார்ல்பரோ கோட்டையின் ஆளுநர் கார்ட்டர், எதிரி பிடித்தால் என்ன செய்வது என்று லண்டனில் காப்புறுதி எடுத்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்தார்கள். கோட்டையின் பலவீனத்தை அவர் மறைத்துவிட்டார் என்று சொல்லிக் காப்பளித்தவர் காசு தர மறுத்தார். 1766இல் மான்ஸ்பீல்ட் பிரபு வழங்கிய தீர்ப்பில்தான் உச்ச நல்லெண்ணம் என்ற கோட்பாடு நிலைபெற்றது: காப்புறுதி எடுப்பவர் தனக்குத் தெரிந்ததை ஒளிக்கக் கூடாது. அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டுகிறவர்கள் அதன் மறுபாதியைச் சொல்வது குறைவு. வழக்கில் வென்றவர் கார்ட்டர். நல்லெண்ணம் இரு தரப்புக்கும் உரியது, காப்பளிப்பவர் தாமே அறிந்திருக்க வேண்டியதை எடுப்பவர் சொல்லவேண்டியதில்லை என்றும் மான்ஸ்பீல்ட் சொன்னார்.

கல்முனைப் பிரதான வீதியில் பெயர்ப் பலகை மாட்டி வருடக் கணக்காக வியாபாரம் செய்கிற நிறுவனத்துக்கு, இங்கே மீன் லொறி பத்து மணிக்குச் சீமெந்து ஏற்றும் என்று தெரியாதா? கொடியேற்றத்துக்குப் பிள்ளைகளை ஏற்றும் என்று தெரியாதா? முகவர் இந்த ஊர்ப் பிள்ளை; அவரே அந்த லொறியில் ஏறியிருப்பார். தெரிந்துகொண்டே ‘சொந்தப் பாவனை’ என்ற கட்டத்தில் குறியிட்டு, குறைந்த கட்டுப்பணத்தைக் காட்டி வாடிக்கையாளரைப் பிடித்து, விபத்துக்குப் பிறகு அந்தக் கட்டத்தைச் சுட்டிக்காட்டுவது எந்த நல்லெண்ணத்தில் சேரும்? நீதிமன்றம் என்ன சொல்லும் என்பது வழக்குக்கு வழக்கு மாறும். என் நிலைப்பாடு இது: கேள்வி தமிழில் கேட்கப்பட வேண்டும், பதிலை வாகனக்காரர் தன் கையால் எழுத வேண்டும், பாவனை வரையறை சான்றிதழில் தமிழிலும் இருக்க வேண்டும். கோரிக்கை மறுக்கப்பட்டவர் கடிதத்தைப் பெட்டிக்குள் போட்டு மூடிவிடத் தேவையில்லை. நிறுவனத்தின் மேலிடத்துக்கு எழுதலாம். பதில் திருப்தியில்லாவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடம் போகலாம், ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். மச்சான் இது ஒன்றையும் செய்யவில்லை. “கத்ர்” என்று சொல்லி, நகையை அடகு வைத்து லொறியைத் திருத்தினார்.

சென்ற மாதம் ஒரு பள்ளிவாசல் நிர்வாகம் ஜனாஸா வேனின் பத்திரத்தைப் புதுப்பிக்க முன் என்னை வரச் சொல்லியிருந்தது. இஷாவுக்குப் பிறகு பாயில் உட்கார்ந்து முன்மொழிவுப் படிவத்தை வரி வரியாக வாசித்தோம். பதிவு இன்னும் பழைய தலைவரின் பெயரில்தான் இருந்தது; மாற்றுவதற்கு அவர் மகன் மறுநாளே கையெழுத்து வைப்பதாகச் சொன்னார். யார் யார் ஓட்டுவது என்ற கேள்விக்கு ஏழு பெயர் வந்தது. ஒவ்வொருவரின் அனுமதிப்பத்திரத்தையும் வாங்கிப் பார்த்தார்கள். இருவருக்கு அந்த வேனுக்குரிய வகுப்பு இல்லை. அதில் ஒருவர்தான் இத்தனை வருடமும் அதிகம் ஓட்டியவர், ஐம்பது வயதுக் காக்கா. தலையைக் குனிந்துகொண்டு, எழுதிப் பாஸ் பண்ணும்வரை திறப்பைத் தொடமாட்டேன் என்றார். பாவனை என்ற கட்டத்துக்கு வந்தபோது முகவர் தம்பியின் பேனா நின்றது. தனியார் பாவனை, வாடகை, சொந்தச் சாமான், கூலிச் சாமான் என்று கம்பனி கொடுத்த நான்கில் எதுவும் பொருந்தவில்லை. அவர் கொழும்புக்குப் போன் போட்டார். மறுமுனையில் இருந்தவருக்கு ஜனாஸா என்ற சொல்லை இரண்டு தடவை விளங்கப்படுத்த வேண்டியிருந்தது. எழுத்தில் தந்தால் பார்க்கலாம் என்றார்கள். நாங்கள் ஒரு கடிதம் எழுதினோம்: மையித்தையும் கூட வருகிற உறவினரையும், கூலி வாங்காமல், இரவு பகல் எந்த நேரமும், வெள்ளக் காலத்திலும், இந்த ஐவரில் ஒருவர் ஓட்டிச் செல்வார். நம்பிக்கையாளர் ஐந்து பேரும் கையெழுத்து வைத்தார்கள். முகவர் அதன் பிரதியில் முத்திரை குத்தித் திகதி போட்டுத் தந்தார். அந்தப் பிரதி இப்போது பள்ளி அலுமாரியில், வேனின் மேலதிகத் திறப்போடு ஒரே உறையில் இருக்கிறது.